அம்மாவின் மேல் கட்டுப்பல் நிற்கவே மாட்டேன் என்கிறது, இம்பிளான்ட் போடலாமா?

வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. ஏழு வருடமாக மேலே முழுக் கட்டுப்பல். கீழே முன்பக்கத்தில் ஆறு சொந்தப் பல் இருக்கிறது, கடைவாயில் ஒன்றுமில்லை. கீழுக்கும் ஒரு பிளேட் செய்து கொடுத்தார்கள். நாக்கை உரசுகிறது என்று ஒரு மாதத்தில் கழற்றி வைத்துவிட்டார். அது அலுமாரிக்குள் ஒரு மார்ஜரின் டப்பாவில் கிடக்கிறது.

இரண்டு வருடமாக மேல் பல் இறங்கி இறங்கி வருகிறது. போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வீடு. பக்கத்தில் இருந்த மாமி ஏதோ பகிடி சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரிக்க, பல் அப்படியே கீழே வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியவர், வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. வடையும் பாயாசமும் அப்படியே இருந்தன.

டொரொன்டோவில் இருக்கும் சித்தி, "மேலே நாலு இம்பிளான்ட் போட்டுப் பூட்டிவிடு, காசு நான் அனுப்புகிறேன்" என்கிறார். தாடையெலும்புக்குள் உலோகத் திருகு இறக்கி, அதன் மேல் பல்லைப் பொருத்துவதாம். காலி வீதியில் ஒரு கிளினிக்கில் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு பழைய ஓட்டோ வாங்கலாம். அம்மாவின் வாயை ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல் சொன்ன தொகை அது, அதுதான் யோசனையாக இருக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் உண்டு, குளிசையில் கட்டுப்பாடு. இந்த வயதில் இது சரிவருமா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அன்ரி

மகள், நானும் மேலே முழுக் கட்டுப்பல்தான், பதினொரு வருடம். பாமசியில் ஒட்டுற பசை டியூப் இருக்கிறது. பயறளவு மூன்று இடத்தில் வைத்தால் மத்தியானம் வரை நிற்கும். அதற்குப் பிறகு கடவுள் விட்ட வழி.

எனக்குப் பல் விழுவதைவிடப் பெரிய பிரச்சினை மீன் முள்ளு. அண்ணம் முழுவதும் பிளாஸ்டிக் மூடியிருப்பதால் வாய்க்குள் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. ஒருமுறை கீரி மீன் முள்ளு தொண்டைக்குப் போய்த்தான் தெரிந்தது, இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்போது மகன் மீனைப் பிய்த்து முள்ளெடுத்துத் தருகிறான். ஒரு காலத்தில் நான் அவனுக்குச் செய்தது.

நல்லூரான், இப்ப டொரொன்டோ

சித்தி சொல்வது சரி. கட்டுப்பல் என்பது ஊன்றுகோல், இம்பிளான்ட் என்பது கால். சுவீடனில் பிரனமார்க் என்ற வைத்தியர் 1952இல் முயல் எலும்புக்குள் டைட்டானியம் கருவி ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. அங்கேயிருந்து வந்ததுதான் இது. 1965இல் முதல் நோயாளிக்குப் போட்ட இம்பிளான்ட், அவர் 2006இல் இறக்கும்வரை வாயில் இருந்தது. நாற்பது வருடம்! எந்தக் கட்டுப்பல் அப்படி நிற்கும்? யோசிக்காமல் போடுங்கள்.

முரசுக்காரன்

நான் பல் வைத்தியன், கொழும்பில்தான் வேலை. இங்கே வைத்தியம் பார்க்க வரவில்லை, வாயைப் பார்க்காமல் யாரும் பார்க்கவும் முடியாது. சில விஷயங்கள் மட்டும்.

நல்லூரான் சொன்ன கதை உண்மை. ஆனால் அந்த முதல் நோயாளிக்குப் போட்டது கீழ்த்தாடையில். மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒரே எலும்பு இல்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி முதிரை மரம் மாதிரி இறுக்கம், மேல்தாடையின் பின்பகுதி பாண் மாதிரி மெது. அதனால்தான் பழைய முறையில் இம்பிளான்ட் ஒட்டுவதற்குக் கீழே மூன்று நான்கு மாதம் விட்டால், மேலே ஆறு மாதம் விடுவார்கள். அதற்கு மேல், கடைவாய்ப் பக்கம் எலும்புக்கு மேலேயே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போய் வருடக்கணக்கானால் எலும்பு கரைந்து, அந்த அறையும் கீழே இறங்கி, சிலருக்கு முட்டை ஓட்டளவு எலும்புதான் மிஞ்சும்.

2002இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடி, பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்டில் மாட்டும் கட்டுப்பல்லையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்றார்கள். மேல்தாடைக்கு அப்படிச் சொல்லவில்லை. மேலே சாதாரணமாகக் குறைந்தது நாலு இம்பிளான்ட் வேண்டும். இன்னொன்று, ஒழுங்காகச் செய்த மேல் கட்டுப்பல் பெரும்பாலும் நன்றாகவே நிற்கும், அண்ணம் அகலமாக இருப்பதால் கவ்விப் பிடிக்கும். ஆகவே, நின்றுகொண்டிருந்த மேல் பல் விழத் தொடங்கினால் என் முதல் கேள்வி "இம்பிளான்ட் போடுவோமா" என்பதல்ல, "ஏன் விழுகிறது" என்பதுதான்.

தங்கச்சி, உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது அந்த மார்ஜரின் டப்பா. மேலே முழுப் பிளாஸ்டிக், கீழே முன்பற்கள் மட்டும், கடைவாயில் ஒன்றுமில்லை என்றால் அம்மா எல்லாவற்றையும் முன்பற்களால்தான் மெல்லுவார். கீழே இருக்கும் ஆறு பல்லும் மேல் பிளேட்டின் முன்பக்கத்தை ஒவ்வொரு கடிக்கும் இடிக்கும். முன்பக்கம் மேலே போனால் பின்பக்கம் கீழே வரும், சீசோ பலகை மாதிரி. பின் விளிம்பில் காற்றுப் புகுந்தால் பல் விழும். வருடக்கணக்காக இடித்தால் மேலே முன் எலும்பு கரைந்து, முரசு, அதாவது ஈறு, மட்டும் தளதளவென்று நிற்கும். இதை 1972இல் கெல்லி என்பவர் விவரமாக எழுதியிருக்கிறார், எங்களுக்குப் பாடத்தில் உண்டு. அம்மாவின் மேல் முரசின் முன்பக்கத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசைகிறதா?

வெள்ளவத்தை மகள்

டொக்டர், இப்போதுதான் பார்த்தேன். அசைகிறது. காது மடலைத் தொட்டது மாதிரி இருக்கிறது. அம்மா "என்னடி வாய்க்குள்ள கையை விடுறாய்" என்று ஏசினார்.

ரிட்டயர்ட் மாஸ்டர்

நான் மேலே இம்பிளான்ட் போட்டவன், 72 வயது. நல்லதும் கெட்டதும் சொல்கிறேன்.

ஐந்து போட்டார்கள், நாலுதான் தேறியது. ஐந்தாவது ஒட்டவேயில்லை. நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆறு மாதம் கழித்து மூடியைக் கழற்றப் போன டொக்டர் ஸ்குருடிரைவரைத் திருப்பினார், மூடிக்குப் பதிலாக இம்பிளான்டே சுழன்று வந்தது. "மாஸ்டர், சிகரெட் விட்டேன் என்று சொன்னீர்களே?" என்றார். நான் சீலிங்கைப் பார்த்தேன். காற்பங்கு உண்மைதான் சொல்லியிருந்தேன்.

வலது பக்கம் சைனஸைத் தூக்கி எலும்புத் தூள் வைத்தார்கள். இரண்டு கிழமை மூக்குச் சீறக்கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். செய்த மூன்றாம் நாள் வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தார்கள். அன்று நான் பட்ட பாடு!

எனக்குப் பூட்டுப்போட்ட நிரந்தரப் பல் இல்லை. கழற்றி மாட்டுகிற மாதிரிதான். நாலு இம்பிளான்டின் தலையிலும் சட்டைப் பித்தான் மாதிரி ஒன்று, பிளேட்டின் உட்புறத்தில் நைலோன் வளையம். டக் என்று மாட்டும். அந்த வளையம் தேயும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மேல் அண்ணத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள், குதிரை லாடம் மாதிரித்தான் இருக்கிறது. முதல் நாள் சொதி குடித்துவிட்டு அண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் அண்ணத்துக்குச் சூடு தெரிந்தது. மனுசிக்கு ஒரே சிரிப்பு.

பருத்தித்துறை வடை கடிக்கலாம். கச்சானும் சரி. தேங்காய்ச் சொட்டு இன்னும் பயம்.

கடலோர ரயில்

மாஸ்டர், உங்களுக்கு வளையம் தேய்ந்தது பரவாயில்லை. எங்கள் பெரியப்பா பாணந்துறை ரயிலில் ஜன்னலோரம் இருந்து தும்மி, பல்லைத் தெஹிவளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். மீனுக்குப் பல் கட்டிவிட்டேன் என்பார்.

தெஹிவளை நானா

டொக்டரிடம் ஒரு கேள்வி. எங்கட வாப்பாவுக்கு மேலே எலும்பு காணாது, எலும்புத் தூள் வைக்கணும் என்றார்கள். அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் "அது எல்லாம் பாதுகாப்பானது" என்கிறார்களே தவிரப் பதில் வரவில்லை. வாப்பா அதைத் தெரியாமல் வாயைத் திறக்க மாட்டார்.

முரசுக்காரன்

நானா, கேட்க வேண்டிய கேள்விதான், சொல்ல வேண்டியது வைத்தியரின் கடமை. உலகம் முழுவதும் அதிகமாகப் பாவிப்பது மாட்டெலும்பிலிருந்து செய்தது. புரதம், கொழுப்பு எல்லாம் நீக்கி, கனிமம் மட்டும் மிஞ்சும். அதற்கு மேல் மூடுகிற மெல்லிய சவ்வு பல சமயம் பன்றிக் கொலாஜனில் செய்தது, மாட்டிலிருந்து செய்ததும் உண்டு. இரண்டும் வேண்டாம் என்றால் முழுக்கச் செயற்கையான கல்சியம் பொஸ்பேட் தூள் இருக்கிறது. நோயாளியின் சொந்தத் தாடையிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுக்கவும் முடியும். பெட்டியில் மூலம் எழுதியிருக்கும், காட்டச் சொல்லுங்கள். மார்க்கத் தீர்ப்பு என் வேலை இல்லை, அதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். என்னிடம் வரும் சைவக்காரர்களிலும் மாட்டெலும்பு என்றால் எழும்பிப் போகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே சொன்னால் மாற்று வழி இருக்கிறது, தைத்த பிறகு சொன்னால் இல்லை.

பம்பலப்பிட்டி பெடியன்

எல்லோரும் ஏன் கொழும்பிலேயே பார்க்கிறீர்கள்? சென்னைக்குப் போனால் மலிவு. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360க்குப் போனதிலிருந்து இங்கே எல்லாம் யானை விலை, இம்பிளான்ட் வெளிநாட்டுச் சாமான்தானே. என் நண்பனின் அம்மா ஒரு கிழமையில் போட்டுக்கொண்டு, சேலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ரிட்டயர்ட் மாஸ்டர்

தம்பி, போடுவது ஒரு நாள் வேலை. எனக்கு அதற்குப் பிறகு பதினான்கு தடவை கிளினிக் போக வேண்டியிருந்தது, 100ஆம் நம்பர் பஸ்ஸில். சென்னைக்குப் பதினான்கு தடவை 100ஆம் நம்பர் போகாது.

முரசுக்காரன்

மாஸ்டர் சொன்னதற்கு மேல் ஒன்று. வெளியூரில் போட்ட இம்பிளான்டின் திருகு தளர்ந்து என்னிடம் வருகிறவர்கள் உண்டு. எந்தக் கம்பனி, எந்த அளவு என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு கம்பனிக்கும் திருகு வேறு, சாவி வேறு. எக்ஸ்ரேயைப் பார்த்துக் குறி சொல்ல வேண்டியிருக்கும். எங்கே போட்டாலும் சரி, கம்பனிப் பெயரும் இலக்கமும் அளவும் ஒட்டிய அட்டை ஒன்று தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்கி அடையாள அட்டையோடு வையுங்கள்.

நல்லூரான், இப்ப டொரொன்டோ

சரி டொக்டர், மேல் எலும்பு பாண் என்றால் நாலிலேயே எல்லாப் பல்லையும் பூட்டுகிறார்களே, அது எப்படி? இங்கே ரேடியோவில் அதுதான் விளம்பரம்.

முரசுக்காரன்

போர்த்துக்கலில் பாலோ மாலோ என்பவர் கொண்டுவந்த முறை. பின்னால் இருக்கும் இரண்டு இம்பிளான்டையும் சாய்த்துப் போடுவார்கள், சைனஸுக்கு முன்னால் இருக்கும் எலும்பைப் பிடித்துக்கொண்டு சாய்வாக நிற்கும். அதனால் பலருக்கு எலும்புத் தூளே தேவைப்படாது. கீழ்த்தாடை பற்றிய ஆய்வை 2003இலும் மேல்தாடை பற்றியதை 2005இலும் வெளியிட்டார்கள். நல்ல முறைதான், நானும் அனுப்பி வைக்கிறேன். ஆனால் விளம்பரத்தில் சொல்லாத இரண்டு விஷயம் உண்டு.

ஒன்று உதடு. கட்டுப்பல்லின் முன்பக்கம் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் ஒரு சுவர் மாதிரி இருக்கிறதே, அதுதான் மேலுதட்டைத் தாங்குகிறது. எலும்பு நிறையக் கரைந்தவருக்கு அந்தச் சுவர் இல்லாமல் பூட்டினால் உதடு உள்ளே போகும், சில எழுத்துச் சொல்லும்போது காற்றும் எச்சிலும் வெளியே வரும். சுவரோடு பூட்டினால் அடியில் சுத்தம் செய்வது பெரும் கஷ்டம்.

அதுதான் இரண்டாவது, சுத்தம். பூட்டிய பல்லுக்கு அடியில் ஒவ்வொரு இரவும் நூலோ சிறு பிரஷ்ஷோ விட்டு எடுக்க வேண்டும். 68 வயதில் செய்வார். 80இல், கை நடுங்கும்போது? இம்பிளான்டுக்குச் சூத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் முரசு அழுகும், எலும்பு கரையும். சீனி கூடியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் வேகமாக. அதனால் வயதானவர்களுக்கு மாஸ்டரிடம் இருக்கும் மாதிரி, கழற்றிக் கழுவக்கூடியதுதான் என் விருப்பம். இது என் அபிப்பிராயம், வேறு விதமாகச் சொல்லும் நல்ல வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

தங்கச்சி, அம்மா வெற்றிலை போடுவாரா? வேறு என்னென்ன குளிசை? சீனிக் குளிசை தவிர எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மகள்

வெற்றிலை இல்லை. பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று. அப்புறம் கிழமைக்கு ஒரு குளிசை, ஞாயிறு காலை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு அரை மணித்தியாலம் படுக்காமல் இருப்பார். முழங்கால் நோவுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முரசுக்காரன்

அது முழங்காலுக்கு இல்லை. நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் வகை. பயப்பட வேண்டாம், ஆனால் இதைச் சொல்லாமல் எந்தச் சத்திரசிகிச்சைக் கதிரையிலும் அம்மாவை இருத்த வேண்டாம். இந்த வகை மருந்து எலும்பு கரைவதைக் குறைக்கும், கூடவே எலும்பு தன்னைப் புதுப்பிப்பதையும் மெதுவாக்கும். பல் பிடுங்கிய இடமோ இம்பிளான்ட் போட்ட இடமோ ஆறாமல் தாடையெலும்பு வெளியே தெரிய நிற்பது அரிதாக நடக்கும். குளிசையில் அந்த அபாயம் குறைவு, நீண்ட காலம் குடித்தவர்களுக்குக் கூடும். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் ஊசியாக ஏற்றுபவர்களுக்கு இம்பிளான்டே வேண்டாம் என்போம். குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, இடுப்பெலும்பு முறிந்தால் அது பல்லைவிடப் பெரிய கதை. எத்தனை வருடம் குடிக்கிறார் என்று பழைய மருந்துத் துண்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

அந்தக் கிளினிக்கில் இதைக் கேட்டார்களா?

வெள்ளவத்தை மகள்

கேட்கவில்லை. காசா கார்ட்டா என்று கேட்டார்கள்.

கொட்டாஞ்சேனை அன்ரி

பிள்ளை, வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. பழைய துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு விடியவே போ. கட்டுப்பல்லையும் கொண்டு போ, இரண்டையும். டொக்டர் சொன்ன டப்பாவையும்.

வெள்ளவத்தை மகள்

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போனோம். அம்மாவின் குளிசைக் கணக்கு ஆறு வருடம். பெரிய எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே முன்பக்க எலும்பு கத்தி விளிம்பு மாதிரி இருக்கிறதாம், பின்னால் சைனஸ் இறங்கியிருக்கிறதாம். இம்பிளான்ட் முடியவே முடியாது என்று சொல்லவில்லை, இப்போது அவசரம் இல்லை என்றார்கள். முதலில் கீழே கடைவாய்க்குப் பல் வேண்டும், மேல் பிளேட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஆறு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்கள்.

டப்பாவில் இருந்த கீழ்ப் பிளேட் இப்போது பொருந்தவில்லை, ஏழு வருடத்தில் முரசு மாறிவிட்டது. அதையும் புதிதாகவே செய்தார்கள். மேலுக்கு அளவெடுத்தபோது, அசைகிற முரசை அழுத்தாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் தண்ணி மாதிரி மெல்லிய மாவை விட்டார்கள். பிறகு அம்மாவை "ஆ... ஆ..." என்று சொல்லச் சொல்லி, அண்ணத்தில் எந்த இடத்தில் துடிக்கிறது என்று பார்த்து, ஊதாப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்கள். பிளேட்டின் பின் விளிம்பு சரியாக அந்தக் கோட்டில் நிற்க வேண்டுமாம். பழைய பிளேட் அதற்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றிருக்கிறது.

முதல் கிழமை இரண்டு இடத்தில் புண். அம்மா கீழ்ப் பிளேட்டை மறுபடி அலுமாரிக்குக் கொண்டுபோகப் பார்த்தார், நான் டப்பாவை ஒளித்து வைத்தேன். மூன்று தடவை போய் உரசிச் சரிசெய்தோம். இரவில் இரண்டையும் கழற்றித் தண்ணீரில் போடுகிறார். சுடுதண்ணி வேண்டாம், வளைந்துவிடும் என்றார்கள். பற்பசையும் வேண்டாம், கீறுமாம், சவர்க்காரமும் பிரஷ்ஷும் போதும்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்து ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போனார். பல் இறங்கவில்லை. முறுக்கை இன்னும் தேத்தண்ணியில் தோய்த்துத்தான் சாப்பிடுகிறார். மீன் முள்ளுக்கு நான்தான் பொறுப்பு, அன்ரி.

ரிட்டயர்ட் மாஸ்டர்

ஆறு மாதம் கழித்து எலும்பையும் சீனியையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். என் டொக்டர் எச்.பி.ஏ.1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சீனிக் கணக்கு, எட்டுக்குக் கீழே வரும்வரை கத்தியைத் தொடவில்லை. சித்தி அனுப்பிய காசு என்னவாயிற்று?

வெள்ளவத்தை மகள்

வங்கியில் கிடக்கிறது மாஸ்டர். இம்பிளான்ட் போடவில்லை என்று சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. வீடியோவில் அம்மா சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்தானே" என்கிறார்.